ஹட்ச் நாயும் டச்சுக் கோட்டையும்

எங்க ஊர்ல இதுக்குப் பேரு இன்னிக்கும் 'ஹட்ச் நாய்'தான். ஹட்ச் போய் 2007-ல் வோடஃபோன் வந்தது, 2018-ல் வோடஃபோன் ஐடியாவோட சம்பந்தம் பண்ணிக்கிச்சு, 2020-ல் 'வி'ன்னு ஒத்தை எழுத்தாச் சுருங்கியும் போச்சு. நாய்க்கு மட்டும் பேர் மாறலை. 'பக்'னு சரியான பேரைச் சொன்னா "அப்படின்னா?"ன்னு கேக்குறவங்க, மூஞ்சியைப் பார்த்ததும் "அட, ஹட்ச் நாயி!"ன்னு குனிஞ்சு கொஞ்ச ஆரம்பிச்சுடுவாங்க.

2003-ல் வந்த அந்த விளம்பரம் ஞாபகம் இருக்கும். ஒரு சின்னப் பையன் போற இடமெல்லாம் சீக்கான்னு ஒரு பக் பின்னாலயே போகும். நீங்க எங்க போனாலும் எங்க நெட்வொர்க் கூடவே வரும்னு ஒரு வரி. அவ்வளவுதான் விளம்பரம். அதுக்கு முன்னாடி நம்ம பக்கம் 'வீட்டு நாய்'னா பாமரேனியன்தான். (உண்மையில அதுல முக்காவாசி ஸ்பிட்ஸ். அது தனிக் கதை.) சீக்கா வந்தப்புறம் வெள்ளை முடி நாயெல்லாம் ஓரங்கட்டப்பட்டு, சப்பை மூக்கு நாய் சோபா ஏறிடுச்சு.

எங்க வீட்டு பிங்கி காசு கொடுத்து வாங்கினது இல்லை. கல்பாக்கம் நகரியத்துல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் வெளிநாடு கிளம்பினாங்க. டிக்கெட் போட்டு, நாய்க்கு ஊசி, சான்றிதழ் எல்லாம் எடுத்து முடிச்சப்புறம் விமான கம்பெனியில கையை விரிச்சுட்டாங்க. சப்பை மூக்கு இனங்களைச் சரக்கு அறையில ஏத்த மாட்டோம், வழியில மூச்சு முட்டிச் செத்துப் போகுதுங்கன்னு. பல விமான கம்பெனிகள்ல இந்த விதி இருக்கு. அந்த வீட்டுக் குழந்தை அழுத அழுகையைப் பார்த்துட்டு தங்கமணி "நாங்க வச்சுக்குறோம்"னு சொல்லிட்டு வந்துட்டாங்க. இப்படித்தான் 2022 ஜூன்ல ரெண்டு வயசு பிங்கி, ஒரு பச்சை மெத்தை, ஒரு கோப்பு நிறைய காகிதம், எல்லாமா எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அம்மா முதல் நாள் அதை உத்துப் பார்த்துட்டு கேட்ட கேள்வி: "ஏண்டா, பாவம், யாருடா இதும் மூஞ்சிய மிதிச்சது?"

சிரிச்சோம். ஆனா கேள்வி சரியான கேள்வி. யாரோ மிதிச்சுத்தான் இருக்காங்க. ஒரே நாள்ல இல்லை, ஒரு நூத்தைம்பது வருஷமா கொஞ்சம் கொஞ்சமா.

பிங்கி தூங்கினா அடுத்த ரூம் வரைக்கும் குறட்டை கேக்கும். சாப்பிடும்போது கொர்கொர். சும்மா உக்காந்திருந்தாலும் ஒரு சின்ன இரைச்சல். வர்றவங்க எல்லாரும் "ஐயோ, குறட்டை விடுது பாருங்க, குழந்தை மாதிரி"ன்னு செல்போன்ல படம் பிடிப்பாங்க. நாங்களும் அது அந்த ஜாதியோட குணம்னு இருந்தோம். பக்னா அப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படித்தான். ஆனா அது குணம் இல்லை, வியாதி. அதைப் புரிய வச்சது 2023 மே மாசம்.

சதுரங்கப்பட்டினத்து மே மாசம் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு ஒரு தப்பு நினைப்பு உண்டு. கடல் பக்கத்துல இருக்கே, காத்து வருமே, சுகமா இருக்குமேன்னு. வேலூர்ல அடிக்கிற வெயில் இங்க இல்லைதான். ஆனா இங்க புழுக்கம். துவைச்சுக் காயப்போட்ட லுங்கி சாயங்காலமும் பிசுபிசுன்னு இருக்கும். இது நாய்க்கு ஏன் முக்கியம்னா, நாய்க்கு நம்ம மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, வேகவேகமா மூச்சு விட்டு, நாக்குலயும் மூக்குக்குள்ளயும் இருக்கிற ஈரம் ஆவியாகித்தான் அதுக்கு உடம்பு ஆறணும். காத்துல ஏற்கெனவே ஈரம் ரொம்பியிருந்தா அது எங்க ஆவியாகும்? துணி காயாத நாள்ல நாய்க்கும் சூடு ஆறாது. இது எல்லா நாய்க்கும் பொது. பக்குக்கு மூக்கே இல்லைங்கிறது கூடுதல்.

அன்னிக்கு மத்தியானம் கரண்ட் போச்சு. முக்கால் மணி நேரம் இருக்கும். ஓடலை, ஆடலை, வெயில்ல போகலை, கூடத்துல சும்மா தரையில படுத்திருந்தது. தங்கமணி ஆபீசுக்குப் போன் பண்ணி, "ஏங்க, பிங்கி நாக்கு நாவப்பழம் மாதிரி ஆயிடுச்சு, எழுந்திருக்க மாட்டேங்குது"ன்னாங்க. நான் வர்றதுக்குள்ள அவங்களே கிணத்தடிக்குத் தூக்கிட்டுப் போய் வாளி வாளியா தண்ணி ஊத்தி, அம்மா முறத்தால விசிறி, ஓரளவுக்கு மீட்டுட்டாங்க. அப்புறம்தான் ஆட்டோ. (இது சரியான முறையாம், பின்னால தெரிஞ்சுக்கிட்டேன். முதல்ல குளிர வை, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடு. தண்ணி ஊத்தி விசிறணும். ஈரத்துண்டைப் போத்தி அப்படியே விட்டுட்டா அது கம்பளி மாதிரி சூட்டை உள்ளயே பிடிச்சு வச்சுக்கும்.)

எங்க மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தப்ப 105 டிகிரி. தண்ணி ஊத்தினதுக்கு அப்புறமே அவ்வளவு! நாய்க்கு நூத்தி ஒண்ணு, நூத்தி ரெண்டு வரைக்கும் சாதாரணம். ஊசி, டிரிப்ஸ் எல்லாம் ஆகி, பிங்கி வாலை ஆட்ட ஆரம்பிச்சப்புறம் டாக்டரம்மா அதோட மூக்கைத் தொட்டுக் காட்டினாங்க. "சார், இதுல ஓட்டை எங்க இருக்குன்னு சொல்லுங்க."

குனிஞ்சு பார்த்தேன். ரெண்டு ஓட்டை இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு கீறல். நகத்தால கோடு கிழிச்ச மாதிரி.

"ஸ்ட்ராவைக் கடிச்சு நசுக்கிட்டு அதுல இளநீ குடிச்சுப் பாருங்க. இவளுக்கு ஒவ்வொரு மூச்சும் அப்படித்தான்."

அவங்க சொன்னதையும் அப்புறம் நானா படிச்சதையும் சேர்த்து என் பாஷையில சொல்றேன். மூணு பெட்ரூம் வீட்டுல இருந்தவங்க ஒத்தை ரூமுக்கு மாறினா சாமானெல்லாம் என்ன ஆகும்? பீரோ மேல கட்டில், கட்டில் மேல சைக்கிள். பக்கோட தலையில நடந்திருக்கிறது அதுதான். மண்டை எலும்பு முன்பக்கம் குறுகிப் போச்சு. உள்ள இருக்கிற சதை குறுகலை. மேல்வாய்க்குப் பின்னால தொங்குற மெத்தென்ற சதை இருக்கே, அது நீளமாத் தொங்கி மூச்சுக்குழாய் வாசல்லயே வந்து மறைக்குது. அந்தத் தடை வழியா பலம் கொடுத்து இழுத்து இழுத்து, குரல்வளைக்குள்ள இருக்கிற சின்னப் பைகளும் காலப்போக்கில வெளியே பிதுங்கிடுது. காத்தைக் குளிரவைக்க மூக்குக்குள்ள இருக்கிற மடிப்பு எலும்புகளுக்கும் இடம் இல்லை. கொர்கொர்னு நாம ரசிக்கிறது இத்தனை தடையையும் தாண்டி காத்து உள்ள போற சத்தம்.

கண்ணும் அப்படியே. கண் உக்கார வேண்டிய குழி ஆழமில்லை. அதனாலதான் அந்த முட்டைக்கண்ணு, அந்தப் பாவமான பார்வை. வாயில 42 பல் முளைக்க வேண்டிய இடம் பாதிதான், பல் எல்லாம் குறுக்க நெடுக்க. மூக்குக்கு மேல இருக்கிற மடிப்புல ஈரம் தங்கிப் புண். சுருட்டை வால் அழகுதான். வாலைச் சுருட்டுற அதே கோணல் எலும்பு முதுகுத்தண்டுலயும் ஆப்பு மாதிரி வந்துட்டா பின்னங்கால் இழுத்துக்கும். முழங்கால் சில்லு நழுவறது, இடுப்பு மூட்டு சரியா உக்காராம இருக்கிறது, இதெல்லாம் துணை வியாதிகள். எல்லாத்துக்கும் மேல, மூளையில அழற்சி வந்து வலிப்பாகி இளவயசுலயே போற ஒரு நோய் இருக்கு. அதுக்குப் பேரே 'பக் நாய் மூளை அழற்சி'. ஒரு நோய்க்கு ஜாதி பேரையே வச்சிருக்காங்கன்னா பாத்துக்கோங்க.

2022-ல் லண்டன்ல இருக்கிற ராயல் கால்நடைக் கல்லூரி ஒரு கணக்கு வெளியிட்டாங்க. 4,308 பக் நாய்களோட மருத்துவக் குறிப்பையும், பக் அல்லாத 21,835 நாய்களோட குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வருஷத்துல ஏதாவது ஒரு வியாதி வர்ற வாய்ப்பு பக்குக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. மேல சொன்ன மூச்சுத்தடை நோய்க்கு 54 மடங்கு. கருவிழியில புண் வர 13 மடங்கு. உடல்நலத்தை வச்சுப் பார்த்தா பக்கை இனி ஒரு சாதாரண நாயாவே கருத முடியாதுன்னு முடிச்சிருந்தாங்க. அதுல எனக்குப் பிடிச்ச ஒரு விஷயமும் உண்டு. சில தொல்லைகள் பக்குக்கு மத்த நாய்களை விடக் குறைவு. அதுல ஒண்ணு ஆக்ரோஷம். இது கடிக்காத ஜீவன். அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வுல, பிரிட்டன்ல பிறக்கிற ஒரு பக்கோட சராசரி ஆயுள் ஏழேமுக்கால் வருஷத்தைத் தாண்டலை. நாய்களோட பொதுச் சராசரி 11 சொச்சம். அது பிரிட்டன் குளிர்ல. நம்ம ஊர்ப் புழுக்கத்துல எவ்வளவுன்னு நினைச்சுப் பார்க்கவே மனசு வரலை.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நம்ம வீட்டுக் கொசுவத்தி இல்லை, முந்நூறு வருஷத்துக் கொசுவத்தி. எங்க தெருக்கோடியில நின்னா டச்சுக் கோட்டை மதில் தெரியும். செங்கல் கோட்டை, தொல்லியல் துறை பராமரிப்புல இருக்கு. உள்ள டச்சு எழுத்தும் சித்திர வேலையும் செதுக்கின கல்லறைக் கற்கள். சதுரங்கப்பட்டினத்தை 'சத்ராஸ்' ஆக்கி, இங்க நெய்த மெல்லிய துணியைக் கப்பல் கப்பலா ஏத்தினவங்க டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க. சீனத்து ராஜாக்கள் மடியில வளர்ந்த பக் நாய் ஐரோப்பாவுக்குப் போனதும் டச்சு வியாபாரிகள் கப்பல்லதான்னு நாய் வரலாறு எழுதுறவங்க சொல்றாங்க. ஹாலந்து அரச குடும்பத்துல அதுக்கு ஏக மரியாதை. அந்த வீட்டு மூன்றாம் வில்லியம் 1689-ல் இங்கிலாந்து ராஜாவானதும் பக்குக்கு அங்கயும் பவுசு வந்துடுச்சு. துணி எடுக்க எங்க ஊருக்கு வந்த கம்பெனியும் நாய் கொண்டுபோன கம்பெனியும் ஒண்ணுதான்னு தெரிஞ்சப்போ, கோட்டைப் பக்கம் பிங்கியோட நடக்கும்போது ஒரு மாதிரியா இருந்தது.

அந்தக் காலத்துப் பக் எப்படி இருந்ததுன்னு தெரியணும்னா ஒரு ஓவியம் இருக்கு. வில்லியம் ஹோகார்த்னு இங்கிலாந்து ஓவியர், 1745-ல் தன்னையும் தன் பக்கையும் சேர்த்து வரைஞ்சார். நாய் பேர் ட்ரம்ப் (சிரிக்காதீங்க, நிஜமாவே அதான் பேர் :-)). எங்க கோட்டையில டச்சுக்கொடி பறந்துட்டு இருந்த வருஷங்கள் அது. அந்தப் படத்துல இருக்கிற நாய்க்கு மூக்கு இருக்கு! நீளமான மூக்குன்னு சொல்ல முடியாது, ஆனா மூச்சு விடுற மூக்கு. காலும் கொஞ்சம் உயரம். அப்புறம் வந்தது விக்டோரியா காலம். நாய்க்கண்காட்சி, கோப்பை, 'இந்த இனம் இப்படித்தான் இருக்கணும்'னு எழுதி வச்ச இலக்கணம். தட்டையா இருக்கிறதுக்குப் பரிசு கொடுத்தா, அடுத்த தலைமுறை இன்னும் தட்டை. அம்மா கேட்டாங்களே, யாருடா மிதிச்சதுன்னு. பரிசு கொடுத்தவங்க.

அறுவை சிகிச்சை சென்னையில ஆச்சு. மூக்குத் துவாரத்தை ஓரத்துல கொஞ்சம் வெட்டி அகலப்படுத்தி, உள்ள தொங்குற சதையைக் கத்தரிச்சு விட்டாங்க. செலவைச் சொன்னா தங்கமணியோட நெக்லஸ் கனவு பத்தியும் சொல்ல வேண்டி வரும், விடுங்க. மயக்க மருந்துதான் இந்த மாதிரி நாய்க்கு முதல் ஆபத்து. கொடுக்கிறதை விட, தெளிஞ்சு குழாயை எடுக்கிற நேரம். அன்னிக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருந்தப்போ நாங்க ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லை. வெளிய கொண்டு வந்தாங்க. தூங்கிட்டு இருந்தது. சத்தம் இல்லாம. உயிர் இருக்கான்னு தங்கமணி விலாவுல கை வச்சுப் பார்த்தாங்க. இருந்தது. அது சத்தமில்லாம மூச்சு விட்டு நாங்க பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

முழுசா சரியாகலை. டாக்டர் முன்னாடியே சொன்னார், எலும்பை மாத்த முடியாது, வாசலை மட்டும் பெரிசாக்கலாம்னு. குறட்டை பாதி திரும்ப வந்துடுச்சு. ஆனா நாக்கு நீலமாகலை.

விஷயத்துக்கு வர்றேன். பக்கத்து ஊர்ல ஒரு தம்பி, ஆபீஸ் பழக்கம், நல்ல மனுஷன். அவர் வீட்டுல ஆண் பக். பிங்கியைப் பார்த்ததுல இருந்து ஒரே பேச்சு. "அண்ணே, ஒரு மேட்டிங் விடுங்கண்ணே. ரெண்டுக்கும் பேப்பர் இருக்கு. சுத்த ரத்தம். நாலு குட்டி வந்தா ஆளுக்கு ரெண்டு. குட்டி பன்னெண்டாயிரம் கண்ணை மூடிட்டுப் போகும். ஆபரேஷன் காசை எடுத்துடலாம்ணே." கடைசி வரியில தங்கமணி லேசா நிமிர்ந்து பார்த்ததை நான் கவனிச்சேன். பிங்கிக்கும் ஒரு தடவையாவது குட்டி போட ஆசை இருக்காதான்னு அம்மா வேற.

ஒரு ஞாயித்துக்கிழமை அவரை வரச் சொல்லி, திண்ணையில ரெண்டு காகிதத்தையும் பக்கம் பக்கமா வச்சோம். கேசிஐ பரம்பரைச் சான்றிதழ். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கொள்ளுத்தாத்தா வரைக்கும் பேர் இருக்கும். எல்லாம் ராஜ பரம்பரை மாதிரி நீளநீளமான இங்கிலீஷ் பேரு. பேனாவை வச்சு ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு வந்தப்போ, பிங்கியோட அப்பாவைப் பெத்த தாத்தா இருக்காரே, அவர்தான் அவரோட நாய்க்கு அம்மாவைப் பெத்த தாத்தா. பட்டம் வாங்கின நாய், அதனால ஊரெல்லாம் வாரிசு.

"அதனால என்னண்ணே? நம்மள்ல அத்தை பொண்ணு, மாமன் பையன் கட்டுறதில்லையா?"

கட்டுறோம்தான். அக்கா பொண்ணையே கட்டுறோம். ஆனா எங்க தாத்தா ஆடு வச்சிருந்தார், மதுராந்தகம் பக்கம். படிப்பு கிடையாது. ஒரு கிடாவோட குட்டிகள் பருவத்துக்கு வர்றதுக்குள்ள அந்தக் கிடாவை வித்துட்டு, வேற ஊர்ச் சந்தையில வேற கிடா பிடிச்சுட்டு வருவார். "அப்பன் மகள் மேல ஏறினா மந்தை நொண்டிப் போகும்"பார். அவருக்குத் தெரிஞ்சது கோப்பை வாங்குற கனவான்களுக்குத் தெரியலை. அங்க அதுக்கு 'லைன் பிரீடிங்'னு கௌரவமான பேர்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு மரபணுவும் ரெண்டு பிரதி, அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணு. ஒண்ணு பழுதா இருந்தாலும் பல சமயம் இன்னொண்ணு தாங்கிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே தாத்தாகிட்டருந்து அதே பழுது வந்து சேர்ந்தா தாங்க ஆள் இல்லை. மாமன் மருமகள் கல்யாணத்துல ஒரு மரபணுவோட ரெண்டு பிரதியும் அப்படி ஒரே மூலத்துலருந்து வர்ற வாய்ப்பு எட்டுல ஒண்ணு. அப்பன் மகள்னா நாலுல ஒண்ணு. எங்க திண்ணையில இருந்த ஜோடிக்கு அதை விட ரொம்பக் குறைவுதான், ஒத்துக்கிறேன். ஆனா அது காகிதத்துல தெரியுற அந்த மூணு தலைமுறைக்கு மட்டும். அதுக்கு மேல? 2008-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பிரிட்டன் பதிவேட்டை அலசினாங்க. அங்க இருந்த சுமார் பத்தாயிரம் பக் நாய்க்கும் சேர்த்து மரபணு அளவுல ஐம்பது நாய்க்கான சரக்குதான் இருக்குன்னு வந்தது. பத்தாயிரம் தலைக்கட்டு உள்ள ஊர்ல ஐம்பது பேரே மாத்தி மாத்திச் சம்பந்தம் பண்ணிட்டு இருக்கிற மாதிரி. அதே வருஷம் ஆகஸ்ட்ல பிபிசி 'பெடிக்ரீ டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்'னு ஒரு ஆவணப்படம் போட்டு, அது பெரிய ரகளையாகி, அடுத்த வருஷம் க்ரஃப்ட்ஸ் நாய்க்கண்காட்சியை ஒளிபரப்புறதையே நிறுத்திட்டாங்க.

ஆக, 'பேப்பர் இருக்கு'ங்கிறது நாம நினைக்கிற மாதிரி உத்தரவாதம் இல்லை. எத்தனை தலைமுறையா வெளிரத்தம் வரலைங்கிறதுக்கு அத்தாட்சி.

இது வெளிநாட்டு நாய்க்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. நம்ம ராஜபாளையத்துக்கு வெள்ளைத் தோலும் ரோஸ் மூக்கும்தான் லட்சணம்னு தேடித் தேடிச் சேர்த்ததுல, காது கேக்காத குட்டிகள் பிறக்கிறது தெரிஞ்ச சங்கதி. வெள்ளைக்கும் செவிட்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனா காது கேக்காத நாய் மூச்சு விடும்.

தம்பி விடலை. "சரிண்ணே, ரெண்டுமே நல்லாத்தானே இருக்கு?" நல்லாத்தான் இருக்கு. பிங்கியை அறுத்து நல்லாக்கினோம். அறுத்து அகலமாக்கின மூக்கு குட்டிக்குப் போகாது. குட்டிக்கு அந்தப் பழைய கீறல்தான் போகும். இதை நான் சொல்ல வேண்டி வரலை. அதுவரைக்கும் காப்பி டம்ளரோட நிலைப்படியில நின்ன தங்கமணிதான் சொன்னாங்க. "தம்பி, அன்னிக்கு கிணத்தடியில நான்தான் இருந்தேன். நாலு வீட்டுக்கு அதை என்னால கொடுக்க முடியாது." அப்புறம் பேச்சில்லை. பக்குக்குத் தலை பெரிசு, இடுப்பு சின்னது, பல சமயம் சிசேரியன் வரைக்கும் போகும்னு நான் ஆரம்பிச்ச புள்ளிவிவரத்தை யாரும் கேக்கலை. அடுத்த மாசமே கருத்தடை பண்ணிட்டோம்.

அரசாங்கம் என்ன பண்ணுதுன்னு கேப்பீங்க. 2017-ல் மத்திய அரசு நாய் இனப்பெருக்க விதிகள் கொண்டு வந்தது. இதைத் தொழிலாச் செய்யிறவங்க மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணணும், எட்டு வாரத்துக்குக் கீழே உள்ள குட்டியை விற்கக் கூடாதுன்னு. 2024-ல் தமிழக அரசு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கை வெளியிட்டப்போ, நம்ம தட்பவெப்பத்துக்கு ஒத்து வராத இனங்கள்னு ஒரு பட்டியல் போட்டாங்க. செயின்ட் பெர்னார்ட், சைபீரியன் ஹஸ்கியோட பக்கும் அதுல இருந்தது. உடனே வளர்க்கிறவங்க, விக்கிறவங்க மத்தியில பெரிய சலசலப்பு. ஹஸ்கின்னா பனியில ஓடுற நாய், சரி. பக் வீட்டுக்குள்ள ஏசியில இருக்கிற நாய்தானேன்னு ஒருத்தர் கேட்டார். ஏசி இல்லாம உயிரோட இருக்க முடியாத ஒரு நாயை எதுக்குங்க உருவாக்கணும்?

வெளிய இன்னும் கடுமை. நார்வேயில கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல்னு இன்னொரு குட்டி இனம். மண்டை ஓடு மூளைக்குப் பத்தாம வர்ற வலி, அதோட இதய வால்வு கோளாறு. தூய கவலியரை இனப்பெருக்கம் பண்றது அந்த நாட்டு விலங்குநலச் சட்டத்துக்கு விரோதம்னு 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. ஹாலந்துல 2019-ல் இருந்து, மண்டை நீளத்துல மூணுல ஒரு பங்காவது மூக்கு இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. ஆமா, அதே ஹாலந்து. எந்தக் கப்பல்காரங்க அதைக் கொண்டு போய் அரண்மனையில சேர்த்தாங்களோ, அவங்க பேரன் பேத்திங்க இன்னிக்கு அளவுகோல் எடுத்து மூக்கை அளக்கிறாங்க.

தம்பி கதை முடியலை. அவர் வேற பெண் பக் பிடிச்சார். நாலு குட்டி, நாலும் அழகு, ஒரே வாரத்துல வித்துடுச்சு. "பாத்தீங்களாண்ணே, ஒண்ணும் ஆகலை"ன்னு இனிப்பு கொடுத்தார். வாங்கிக்கிட்டேன். குட்டியில மூச்சுச் சத்தம் அவ்வளவா தெரியாது, ஒரு வயசு, ரெண்டு வயசுல சதை வளர்ந்தப்புறம்தான் இறுகும்னு வாய் வரைக்கும் வந்தது. அந்த நாலும் இன்னும் ஒரு மே மாசம் கூடப் பார்க்கலை. வாங்கினவங்க போன் நம்பர் அவர்கிட்ட இருக்கான்னு மட்டும் கேட்டேன். இருக்காம்.

ஏற்கெனவே வீட்டுல பக் இருக்கிறவங்களுக்கு, எங்க டாக்டரம்மா எங்களுக்குப் போட்ட உத்தரவை அப்படியே தர்றேன். கழுத்துப் பட்டையைத் தூக்கிப் போட்டுட்டு மார்புப் பட்டை மாட்டணும். மார்ச்சுல இருந்து நடை அஞ்சு மணிக்கு, சூரியன் வர்றதுக்குள்ள வீடு. மூக்கு மடிப்பைத் தினம் துடைச்சு ஈரமில்லாம வைக்கணும். கண்ணைச் சுருக்கினாலோ, தண்ணி வடிஞ்சாலோ 'நாளைக்குப் பாக்கலாம்' கூடாது, அன்னிக்கே. (நவம்பர்ல ஒரு நாள் கடற்கரை மணல் பட்டு பிங்கிக்கு வலது கருவிழியில புண் வந்து, ஆறி, இப்ப ஒரு சின்ன சாம்பல் தழும்பு.) மூச்சு எப்படி இருக்குன்னு சந்தேகமா, மூணு நிமிஷம் ஓட்டமும் நடையுமா கூட்டிட்டுப் போய், முன்னாலயும் பின்னாலயும் டாக்டரை ஸ்டெத் வச்சுக் கேக்கச் சொல்லுங்க. இது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல உருவான சோதனை, பூஜ்யத்துல இருந்து மூணு வரைக்கும் மார்க். இந்தப் பரீட்சையில பூஜ்யம் வாங்கினாத்தான் முதல் மார்க்.

எல்லாத்தையும் விட முக்கியம் எடை. பக்குன்னா எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. கொழுப்பு தொண்டைக்குள்ளயும் சேரும், இருக்கிற வழியையும் அடைக்கும். பிங்கி வந்தப்போ பதினொண்ணு. ஒரு வருஷம் பாடுபட்டு எட்டரைக்குக் கொண்டு வந்தோம். போன மாசம் மாட்டாஸ்பத்திரி தராசுல ஒன்பதே கால். எப்படின்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டோம். மூணாம் நாள் சாயங்காலம் அம்மா டீ குடிக்கிற நேரத்துல தங்கமணி கையும் களவுமா பிடிச்சாங்க. அம்மாவுக்கு ஒரு ரஸ்க், பிங்கிக்கு ஒரு ரஸ்க், டீயில நனைச்சு. டப்பா இப்ப பரண் மேல இருக்கு. அம்மா ரெண்டு நாளா என்கிட்ட பேசலை. பிங்கி பரணுக்குக் கீழேயே படுத்திருக்கு.